பச்சை நிறத்தில் எங்கள் தெரு

1

"ஏய் ஜெயசீலி, இந்த வருஷத்தோட நீ பெங்களூரு போயி இருபத்தஞ்சு வருஷம் ஆவுது. கொஞ்சம் ஸ்பெஷலா எழுதுடி" என்று விமலா போன் செய்தாள். கடலூர் முதுநகரில் ஒன்றாகப் படித்த நாங்கள் வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறோம். அதற்கு விமலாதான் ஆசிரியர். துபாய்க்காரி, டொரண்டோக்காரி, பாரிஸ்காரி என்று மூன்று பேர் எழுதும் 'வெளிநாட்டுக் கடிதங்கள்' பகுதியில் நான்காவதாக என்னையும் சேர்த்துவிடுவாள். பெங்களூரு எப்போதடி வெளிநாடு ஆனது என்று கேட்டால், "பாஷ வேற, தண்ணி வேற, நீ ஊருக்கு வர்றது வருஷத்துக்கு ஒருதரம். அப்ப என்னா அது?" என்று மடக்குவாள். பாஸ்போர்ட் வாங்காமலே வெளிநாட்டுக்காரி ஆனவள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான்.

எழுத உட்காரும் முன் பழைய மலர்களை எடுத்துப் புரட்டினேன். கல்யாணமாகி வந்த புதிதில், சித்திரை மாதத்திலும் ஃபேன் போடாமல் தூங்குகிறோம் என்று எழுதியிருக்கிறேன். ஒரு வருஷம் தெருவெல்லாம் ரோஸ் நிறப் பூக்கள் கொட்டிக் கிடப்பதைப் பற்றி. ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் பூசைக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்து போவதைப் பற்றி. அதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷக் கட்டுரைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எங்கள் தெருவுக்குள் வரவில்லை. படித்தவர்கள், ஜெயசீலி ஏதோ குளுகுளு மெஷினுக்குள் குடியிருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். இந்த வருஷம் அந்தத் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன்.

2

பெங்களூரு நீலசந்திராவில் எங்கள் தெரு ஒரு கிண்ணத்தின் அடி போல் பள்ளமான இடத்தில் இருக்கிறது. தெருக்கோடியில் ராஜகாலுவே ஓடுகிறது. பெயரில் ராஜா இருக்கிறாரே ஒழிய, மழைநீரும் சாக்கடையும் சேர்ந்து போகும் பெரிய கால்வாய்தான் அது. இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் ஏரி என்று சிலர் சொல்வார்கள், இல்லை வயல் என்று சிலர். நான் வந்தபோது சந்தும் வீடும்தான் இருந்தன.

நாங்கள் இருப்பது முதல் மாடி. என் வீட்டுக்காரர் அந்தோணி ஆடுகோடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன், காலை எட்டு முதல் மூன்று வரை. கீழ் வீட்டில் நூர்ஜஹான் அக்காவும் அவர் கணவர் பஷீர் பாயும். பாய் முப்பது வருஷம் ஆட்டோ ஓட்டினவர். ஒரு விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டில்தான் இப்போது அவருக்கு ஆட்டோ ஸ்டாண்டு.

முன்பெல்லாம் இந்த ஊர் மழை நாள் முழுக்கச் சிணுங்கும். இப்போது வெயில் கடலூரை நினைவூட்டும் அளவுக்குக் காய்ந்துவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மொத்தமாகக் கொட்டுகிறது. தண்ணீர் முதலில் வாசல் வழியாக வராது. கீழ் வீட்டுக் குளியலறைத் துவாரத்தில் குபுக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் தகவல். நூர்ஜஹான் அக்கா மாடிப்படியில் நின்று கத்துவார். நாலு ஆண்கள் ஓடி வருவார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் பாயை உட்கார வைத்து, துப்பட்டாவால் இடுப்பைக் கட்டி, குறுகலான படியில் தூக்கி வந்து எங்கள் ஹாலில் இறக்குவார்கள்.

"மீட்டர் போடுங்கப்பா. மழை டைம், ஒன் அண்ட் ஹாஃப் ஆகும்" என்பார் பாய். எத்தனை தடவை சொன்னாலும் தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள்.

பாய் மேலே வந்து சேர்ந்த பிறகு நான் படியில் உட்கார்ந்து கீழே பார்ப்பதுண்டு. சொன்னால் அடிக்க வருவீர்கள், தண்ணீர் நிறைந்த வீடு அழகாக இருக்கும். மழை விட்டதும் வெயில் சாய்வாக உள்ளே வந்து தண்ணீரில் விழும், அந்த வெளிச்சம் சீலிங்கில் நெளிந்துகொண்டே இருக்கும். செருப்புகள் ஜோடி பிரிந்து இஷ்டத்துக்கு அறை அறையாகப் போகும். தெருமுனை மரத்துப் பூக்கள் வாசல் வழியாக வரிசையாக வந்து சமையலறைப் பக்கம் திரும்பும். ஒரு எவர்சில்வர் சொம்பு சுவரில் முட்டி முட்டி டிங் டிங்கென்று சத்தம் போடும். நாற்றம் மூக்கில் ஏறும்வரை அது யாரோ காணும் கனவுக்குள் நான் போய் உட்கார்ந்தது போலத்தான் இருக்கும்.

போன வருஷம் ஒரு மழையில் அந்தக் கனவு கலைந்தது. அன்றைக்குத் தெருவில் ஆண்கள் ஒருவரும் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நானும் நூர்ஜஹான் அக்காவும் மட்டும். பாயை நாற்காலியில் ஏற்ற முயன்றோம், முடியவில்லை. அவர் உடம்பு கனம், எங்கள் கால் வழுக்குகிறது. திரும்பவும் கட்டிலிலேயே படுக்க வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டோம். தண்ணீர் கட்டில் பலகையைத் தொட்டது. அந்தோணி பட்டறையிலிருந்து ஓடி வந்து சேரும்வரை பாய் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மகள் ஷாரன் போன் செய்தாள். ஒயிட்ஃபீல்டில் ஐடி கம்பெனியில் வேலை, ஏழாவது மாடியில் தோழிகளோடு வீடு.

"அம்மா, அங்க மழையா?"

"தூறல்தான்டி" என்றேன்.

3

இந்தப் பொய் எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம்.

கடலூரில் புயல் வருகிறது என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். மூன்றாம் நம்பர், ஏழாம் நம்பர் என்று நம்பர் ஏற ஏற எங்கள் தெருவில் குரல்கள் இறங்கும். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ரொட்டி வாங்கி வைப்போம். வானொலிக்கு முன்னால் கூண்டு எங்களுக்குச் சொல்லிவிடும். உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணமான பிறகு வந்த புயல்களையெல்லாம் நான் டிவியில்தான் பார்த்தேன். மரங்கள் சாய்ந்து கிடக்கும், கடலோரத்துக் கூரைகள் பறந்திருக்கும். பதறிப்போய் என் தம்பி சேவியருக்குப் போன் போடுவேன். "ஒண்ணும் இல்லக்கா, லேசா காத்து. டிவிகாரன் பெரிசு பண்ணுவான்" என்பான். மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனால் வீட்டுக்குப் புது ஓடு. நான் எதுவும் கேட்க மாட்டேன், அவனும் எதுவும் சொல்ல மாட்டான்.

தூரத்தில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. வந்தவர்களுக்கு அழுக்கைக் காட்டக் கூடாது. இந்த இரண்டையும் யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் இரண்டும் என் ரத்தத்தில் ஊறிவிட்டன. இவை இரண்டும் சேர்ந்து எங்கள் தெருவுக்கு என்ன செய்தன என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

4

இந்த வருஷம் கோடை மழைக்கு முன்னால் தெருமுனையில் மாநகராட்சிக்காரர்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வார்டில் எங்கெங்கே வெள்ளம் வருகிறது என்பதை மக்களையே கேட்டு வரைபடம் தயாரிக்கப் போகிறார்கள், அதை வைத்து எந்தத் தெருவுக்கு முதலில் கால்வாய்ச் சுவர் கட்டுவது, எங்கே பம்ப் வைப்பது என்று முடிவு செய்வார்கள். காலநிலை மாறிவிட்டது, இனி மேலே இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து திட்டம் போட்டால் சரிவராது, தெருவில் இருப்பவர்களும் சேர வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் பஸ் போர்டு படித்தே கன்னடம் கற்றவள் நான். மெதுவாக வாசித்து, தெருவில் எல்லோருக்கும் சொன்னேன். எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை வருகிறார்கள்.

நூர்ஜஹான் அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு தெளிவைப் பார்த்தேன். "சுவரு கட்டிட்டாங்கன்னா இவர தூக்க வேணாம், இல்ல ஜெயா?"

"தூக்கவே வேணாம்க்கா."

வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு லீவு போட்டேன். ஆபீசர்கள் வருகிறார்கள், தெரு இப்படியா இருப்பது? வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தெருவே திருவிழாக்கோலம் பூண்டது. கால்வாய்க்குப் போகும் சாக்கடையை ஆண்கள் மண்வெட்டி போட்டு வழித்தார்கள். பிளாஸ்டிக் கவர்களையெல்லாம் பொறுக்கினோம். கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிய பெயிண்ட் எங்கள் வீட்டில் இருந்தது, ரமலானுக்கு வாங்கியது நூர்ஜஹான் அக்காவிடம் இருந்தது. இரண்டையும் கலந்து கீழ் வீட்டுச் சுவர்களில் உள்ளும் வெளியும் இடுப்புயரம் அடித்தோம். சேற்றுக் கோடுகள் இருந்த இடமெல்லாம் இளம்பச்சை. வாசலுக்கு வாசல் கோலம். நான் சமோசாவுக்குச் சொல்லி வைத்தேன். என் சுறுசுறுப்பைப் பார்த்து அந்தோணி, "கவர்னரா வராரு?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ஒரு இன்ஜினியர் அம்மா, ஓர் உதவியாளர், சௌம்யா என்ற தன்னார்வப் பெண். சௌம்யா கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள்.

"எஷ்டு நீட்டாகிதே!" என்று இன்ஜினியர் அம்மா வியந்தார். இவ்வளவு சுத்தமான தெருவை இந்த வார்டில் பார்த்ததில்லை என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. சாக்கடையில் அடைப்பு உண்டா என்று பார்த்தார்கள், இல்லை. சுவரில் வெள்ளத் தடம் உண்டா என்று பார்த்தார்கள், இல்லை. நோட்டீஸ் படித்துச் சொன்னவள் என்று எல்லோரும் என்னை முன்னால் தள்ள, கடைசியில் என்னிடம் கேட்டார்கள்.

"நீரு பருத்தா, அம்மா?"

தண்ணீர் வருமா என்று கேட்கிறார். பக்கத்தில் எங்கள் ஹவுஸ் ஓனர் நின்றிருந்தார். வெள்ளம் வரும் வீடு என்று பெயர் வந்தால் நாளைக்கு யார் குடிவருவார்கள் என்று புலம்புகிறவர். எதிரே புது மனிதர்கள், கையில் நான் கொடுத்த சமோசா. என் வாய் தானாகத் திறந்தது. "ஸ்வல்ப பருத்தே மேடம். கொஞ்சம்தான் வரும். நாங்களே பாத்துக்குவோம்."

சௌம்யா டேப்லெட்டில் எதையோ தட்டினாள்.

5

மூன்று வாரம் கழித்து வார்டு ஆபீஸ் ஹாலில் கூட்டம். திரையில் எங்கள் வார்டு பெரிதாகத் தெரிந்தது. வெள்ளம் வரும் தெருக்கள் நீலம், வராத தெருக்கள் பச்சை. அடுத்த தெரு நீலம். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தெரு நீலம். நடுவில் எங்கள் தெரு மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது, நாங்கள் சுவரில் அடித்தோமே, அதே மாதிரி இளம்பச்சை. இந்தச் சுற்றில் வேலை நடக்கப்போவது நீலத் தெருக்களில் மட்டும் என்றார்கள்.

எழுந்து நின்று, எங்கள் தெருவிலும் வெள்ளம் வரும் என்றேன். என் கன்னடம் அவசரத்தில் எப்போதும் காலை வாரிவிடும், பாதியில் தமிழுக்குத் தாவிவிட்டேன். சௌம்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

"ஆன்ட்டி, நீங்கதானே சொன்னீங்க, நாங்களே பாத்துக்குவோம்னு?"

"விருந்தாளிங்க வர மாதிரி இருந்துச்சும்மா" என்றேன். கேட்கவே அசட்டுத்தனமாக இருந்தது.

"பதினஞ்சு நாள்ல ஆட்சேபணை போடலாம் ஆன்ட்டி. ஆனா ஆதாரம் வேணும். ஃபோட்டோ, இல்ல சுவத்துல தடம். எதாவது ஒண்ணு."

வீட்டுக்கு வந்து நூர்ஜஹான் அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

போனில் தேடினேன். ஒன்றுமில்லை. எடுத்த படங்களையெல்லாம் அழித்துவிட்டேன். ஷாரன் வீட்டுக்கு வந்தால் என் போனைத்தான் முதலில் நோண்டுவாள். பார்த்தால், "இந்த வீட்ட விட்டு வாங்க, வாங்க" என்று ஆரம்பிப்பாள். ஏழாவது மாடியில் போய் நான் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன்? அதனால் அழித்தேன். தெருவில் மற்றவர்கள் எடுத்த ஒன்றிரண்டு வீடியோவிலும் வெறும் கலங்கல் தண்ணீர்தான் இருந்தது, எந்தத் தெரு என்று சொல்ல வழியில்லை. சுவர்களோ புதுப் பெயிண்டில் பளபளத்தன. இவ்வளவு கச்சிதமாகத் தடயத்தை அழிக்கக் கொலைகாரனுக்குக்கூட வராது.

6

அடுத்த நாள் பாய்க்கு மாத்திரை கொடுக்கப் போனேன். அழுதுவிட்டேன். "என்னாலதான் பாய். என் வாய்க்கொழுப்பு" என்றேன்.

"அரே, ஏன் தங்கச்சி அழுவுற? எல்லாரும் சேந்துதான பெயிண்ட் அடிச்சோம்? எனக்கும் ஆபீசருங்க முன்னாடி ஷோக்கா இருக்கணும்னு ஆசைதான். அன்னிக்கு நான் புது சட்ட போட்டிருந்தனே, பாக்கலியா?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா எனக்குப் பயமா இருக்கு. போன வருஷம் தண்ணி பலகைய தொட்டப்போ, நீங்க ரெண்டு பேரும் என்ன விட்டுட்டுப் போயிருக்கணும்னு நெனச்சேன். போகல நீங்க. அடுத்த தடவை மூணு பேரும் மாட்டிக்குவோம்."

ஜன்னல் வழியாகக் காற்றில் மழை வாசனை வந்தது.

"தங்கச்சி, இந்தக் கட்டில இழுத்து பாரு" என்றார்.

"ஏன் பாய்?"

"இழு சொல்றேன். இந்த ஒரு எடத்துல நீங்க பெயிண்ட் அடிக்கல. நான் படுத்திருந்தேன்ல? எப்படி அடிப்பீங்க?"

நானும் நூர்ஜஹான் அக்காவும் பாயோடு சேர்த்துக் கட்டிலை ஒரு முழம் இழுத்தோம். சுவரில், கட்டிலின் நீளத்துக்கு, பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அதில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நான்கு பழுப்புக் கோடுகள். மேலே இருந்த கோடு சரியாகப் பலகை மட்டத்தில் ஓடியது.

"தினமும் இது பக்கம் திரும்பி, இடுக்கு வழியா கீழ பாத்துக்கிட்டுத்தான் தூங்கறேன். கீழ இருக்கறது ஷாரன் பாப்பா வேலைக்குன்னு ஒயிட்ஃபீல்டு போன வருஷம். இது தண்ணி வந்துட்டு மூணு நாள் கரண்ட் வரல, அந்தத் தடவை. இது எங்க அக்கா பையன் கல்யாண வருஷம். மேல இருக்கறது போன வருஷம்." விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக் காட்டினார். நாங்கள் எல்லாம் நின்றுகொண்டே இருந்தவர்கள். படுத்திருந்தவர் கண்ணுக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.

படம் எடுத்தேன். ஆனால் ஆட்சேபணையை இணையத்தில் கன்னடத்தில் போட வேண்டும். பஸ் போர்டு கன்னடம் அதற்குப் போதாது. ஷாரன் பள்ளியில் கன்னடம்தான் முதல் மொழியாகப் படித்தாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், இந்தக் கட்டுரையை அவளுக்கு யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு. ஒரு காலத்தில் அதை நினைத்து மனம் வெந்திருக்கிறேன். அன்றைக்கு அவள் கன்னடம்தான் எனக்கு வேண்டியிருந்தது. படத்தை அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"என்னம்மா இது கோடு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு தடவையும் தூறல் என்று சொன்னதை, பாயின் கையை, நான் அழித்த படங்களை.

"அங்கதானே நான் பொறந்து வளந்தேன்? பாய் அங்கிள் ஆட்டோலதான ஸ்கூல் போனேன்?" அவள் அழுதுகொண்டிருந்தாள். "என்ன ஏதோ வெளி ஆளு மாதிரி ஏன்மா நடத்துன?"

இருபத்தைந்து வருஷமாகத் தம்பி சேவியரிடம் நான் கேட்க நினைத்த கேள்வி அது. அதை என் மகள் என்னிடம் கேட்டாள். "மன்னிச்சிருடி" என்றேன். அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆட்சேபணையை அவள் ஒரே மணி நேரத்தில் போட்டுவிட்டாள்.

7

மறுபடியும் பார்க்க வருகிறோம் என்று சௌம்யா சொன்னாள். அதற்குள் ஒரு சிறு மழை பெய்து, தெருவெல்லாம் சேறு. சாக்கடை பழையபடி வாயை மூடிக்கொண்டது. அன்று காலை எனக்குக் கை அரித்தது. நிஜமாகவே அரித்தது. நூர்ஜஹான் அக்கா என் துடைப்பத்தை எடுத்துப்போய்த் தன் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார். படியில் கைகட்டி உட்கார்ந்துகொண்டேன். இன்ஜினியர் அம்மாவின் செருப்பு சேற்றில் புதைந்தபோது என் மானம் போனது. சமோசாவும் கிடையாது.

கட்டிலை இழுத்துக் காட்டினோம். டேப் வைத்து ஒவ்வொரு கோட்டையும் அளந்தார்கள். பாய் எந்தக் கோடு எப்போது வந்தது என்று சாட்சி சொன்னார். இன்ஜினியர் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதே கேள்வியைக் கேட்டார். "நீரு பருத்தா?"

ஹவுஸ் ஓனர் அன்றைக்கும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"வரும் மேடம். நெறைய வரும். எங்களால பாத்துக்க முடியாது" என்றேன். சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது.

எங்கள் தெரு நீலமானது. அது ஒன்றும் சுவர் ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்துதான் வேலை தொடங்கும் என்கிறார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது என்று தெருவில் உட்கார்ந்து பேசினோம். அப்போது எனக்குக் கடலூர்க் கூண்டு ஞாபகம் வந்தது. கால்வாய் எங்கள் தெருவுக்கு வருமுன் மேலே ஒரு பாலத்தைத் தாண்டி வருகிறது. பாலத்தருகே ஒரு டீக்கடை. பாலத்தின் வளைவைத் தண்ணீர் தொட்டால் கடைக்காரர் கம்பத்தில் ஒரு சிவப்பு பக்கெட்டை ஏற்ற வேண்டும், வளைவு மூழ்கினால் இரண்டு. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கம்பம் தெரியும். "இங்க என்ன சமுத்திரமா இருக்கு, கூண்டு ஏத்தறதுக்கு?" என்று சிரித்தார்கள். ஆனாலும் ஏற்றலாம் என்றார்கள்.

இன்னொன்றும் செய்தோம். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் யார் என்று கணக்கெடுத்தால் எல்லோரும் பெண்கள். நால்வர் சேர்ந்து நாற்காலி தூக்கப் பழகினோம். முதலில் ஒரு அரிசி மூட்டையை வைத்து, பிறகு பாயையே வைத்து. அந்தோணி பட்டறையிலிருந்து இரண்டு இரும்புக் குழாய் கொண்டுவந்து நாற்காலிக்கு இருபுறமும் பிடியாகக் கட்டித் தந்தார். பாய்க்கு ஏக குஷி. "முப்பது வருஷம் நான் லேடீஸ ஏத்திட்டு போனேன். இப்ப ரிட்டர்ன் டிரிப்" என்றார்.

போன வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு வானம் இருட்டியது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மழைத்திரைக்கு அப்பால், கம்பத்தில் சிவப்பாக ஒன்று மெல்ல ஏறியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. குளியலறைத் துவாரம் சத்தம் போடுவதற்கு முன்பே நாங்கள் நால்வரும் படியிறங்கிவிட்டோம். ஒரு இடத்திலும் நிற்காமல் பாயை மேலே கொண்டுவந்து சேர்த்தோம்.

கீழே தண்ணீர் வந்தது. செருப்புகள் கிளம்பின, பூக்கள் வந்தன. படியில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"அம்மா, அங்க மழையா?"

'தூ' என்ற எழுத்து நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பயங்கர மழை. வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சிடி."

"எந்தப் படி வரைக்கும்?"

அந்தப் படிகளில்தான் அவள் நடக்கப் பழகினாள். குனிந்து எண்ணினேன். "மூணாவது படி."

"பாய் அங்கிள்?"

"மேல வந்துட்டாரு. நாங்களே தூக்கிட்டு வந்துட்டோம்."

"சரி. போன வெக்காத" என்றாள். "நாலாவது படிக்கு வந்தா சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

நான் படியிலிருந்தும் அவள் ஏழாவது மாடியிலிருந்துமாக, நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.